அம்மாவின் குதிகால் புண்: கேட்டால் "பார்க்கிறோம்" என்கிறார்கள்

கடைக்குட்டி | செவ்வாய், இரவு 10:50

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டு, இப்போதுதான் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு 83 வயது. சர்க்கரை உண்டு, மறதி நோயும் உண்டு. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனபிறகு தானாகப் புரண்டு படுக்க முடியாது. ஏழு மாதமாக ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது கால் பிடித்துவிடலாம் என்று போர்வையை விலக்கினேன். வலது காலுறை ஈரமாக இருந்தது. தண்ணீர் கொட்டியிருக்கும் என்று நினைத்துக் கழற்றினால், உள்ளே இருந்த கட்டும் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. குதிகாலில் நான்கு சென்டிமீட்டர் அளவுக்குக் கறுத்த தோல். அதன் ஓரம் பிரிந்து மஞ்சளாக நீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த வாடை மாலை வரை என் கையை விட்டுப் போகவில்லை. கட்டின் மேல் யாரோ பேனாவால் தேதி எழுதியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது நாள்.

பணியில் இருந்த நர்ஸிடம் காட்டினேன். "சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இப்படித்தான்மா, சீக்கிரம் ஆறாது" என்றார். மேலாளரிடம் போனேன். "பார்க்கிறோம்" என்றார். புண் இருப்பதையே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் தொட்டதும் அம்மா காலை இழுத்துக்கொண்டார், முகத்தைச் சுளித்தார். வலிக்கிறது என்று சொல்லக்கூட அவருக்கு இப்போது வார்த்தை வருவதில்லை.

இதை எப்படிப் புகாராக எழுதுவது, யாரிடம் கொடுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நடைவண்டி | செவ்வாய், இரவு 11:25

படித்ததும் மனது கனத்துவிட்டது. என் அப்பாவுக்கு முழங்கையில். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், தோல் காகிதம் மாதிரி இருக்கும். சின்னக் கீறலுக்குச் சாதாரண பிளாஸ்டர் ஒட்டி, மறுநாள் அதை ஒரே இழுப்பாக உரித்திருக்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கூடவே வந்துவிட்டது. நானும் முதலில் வாய்மொழியாகத்தான் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. எழுத்தில் கொடுத்தபிறகுதான் அசைந்தார்கள். விவரமாக நாளை எழுதுகிறேன். அதற்குமுன் ஒன்று: புகார் பிறகு இருக்கட்டும், அம்மாவை டாக்டர் பார்த்துவிட்டாரா?


வெள்ளைக்கட்டு | புதன், காலை 6:10

நான் 26 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் கடைசிப் பதினோரு வருடம் புண் பராமரிப்பு மட்டும்தான். நடைவண்டி கேட்டதையேதான் நானும் கேட்கிறேன். இன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும் கண்ணு.

காரணத்தைச் சொல்கிறேன். குதிகாலில் கறுத்த தோல் காய்ந்து, இறுகி, அசையாமல், சுற்றிலும் சிவப்பு இல்லாமல் இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடுவோம். அது இயற்கையே போட்ட மூடி. ஆனால் ஓரம் பிரிந்து, நீர் கசிந்து, வாடையும் வந்துவிட்டால் கதை வேறு. அடியில் சீழ் கோத்திருக்கலாம். குதிகாலில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை அதிகம் கிடையாது, தொற்று எலும்பு வரை போக நாளாகாது. சர்க்கரை உள்ளவருக்கு இன்னும் வேகம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் வந்துதான் தெரியும் என்று காத்திருக்கக் கூடாது. பல சமயம் காய்ச்சலே இருக்காது. திடீரென்று குழப்பம் கூடும், தூங்கிக்கொண்டே இருப்பார்கள், சாப்பாட்டைத் தள்ளுவார்கள். அவ்வளவுதான் அடையாளம்.

டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள்: காலில் ரத்த ஓட்டம் பார்த்தாயிற்றா? கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் எளிய சோதனை உண்டு. ரத்தம் போகாத காலில் கறுத்த தோலை வெட்டினால் அந்தப் புண் ஆறாது. இறுக்கிக் கட்டுப் போட்டாலும் ஆபத்து.

அப்புறம், "சர்க்கரை இருந்தால் இப்படித்தான்" என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சர்க்கரையால் ஆறுவது தாமதமாகும், அது உண்மை. புரள முடியாத ஒருவரின் குதிகாலில் வந்த இந்தப் புண்ணை உண்டாக்கியது பெரும்பாலும் மெத்தையின் அழுத்தமாகத்தான் இருக்கும். கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு தலையணை கொடுத்து, குதிகால் காற்றில் நிற்கிற மாதிரி வைத்திருந்தால் அழுத்தமே இருந்திருக்காது. ஒரு தலையணை போதும் கண்ணு. எத்தனை குதிகாலை அது காப்பாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது நாள் பழைய கட்டைப் பற்றி: அதிக நாள் விடக்கூடிய நுரைக் கட்டைக்கூடப் பொதுவாக ஏழு நாளுக்கு மேல் விடுவதில்லை. நனைந்துவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும். காலுறை நனைகிற வரை யாரும் பார்க்கவில்லை என்றால், ஒன்பது நாளாக யாரும் அந்தக் காலைக் கழுவித் துடைக்கவும் இல்லை என்றுதான் அர்த்தம். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.


கடைக்குட்டி | புதன், இரவு 9:30

அம்மா (அப்படிக் கூப்பிடலாம் அல்லவா), நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். டாக்டர் வந்து பார்த்தார். தொற்று இருக்கிறது. ஆன்டிபயாடிக் தொடங்கியாயிற்று. எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எழுதியிருக்கிறார், ரத்த ஓட்டச் சோதனையும் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று நடந்தது. "இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கிறோம், சார்ட் இருக்கு" என்று எடுத்துக் காட்டினார்கள். பார்த்தால் ஒரு கட்டம் விடாமல் டிக். இடது, வலது, மல்லாக்க, இடது, வலது, மல்லாக்க. எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, பகலும் இரவும். போன மாதம் 14-ஆம் தேதியைத் தேடினேன். அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை அம்மா என்னோடு கண் டாக்டரிடம் இருந்தார். சார்ட்டில் பத்து மணிக்கு இடது, பன்னிரண்டுக்கு வலது, இரண்டுக்கு மல்லாக்க.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சண்டை போடக்கூட வாய் வரவில்லை. மேலாளரிடம் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன்.


இரவுப்பணி | வியாழன், அதிகாலை 3:40

நான் வேறொரு இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறேன். இப்போதும் பணியில்தான் இருக்கிறேன், எல்லோரும் தூங்குகிற நேரம். எழுதினால் திட்டுவீர்களோ என்று பயமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் தளத்தில் 34 பேர். இரவில் நாங்கள் இரண்டு பேர். அதில் பதினோரு பேரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரைச் சரியாகத் திருப்ப இரண்டு பேர் வேண்டும், அடியில் விரிப்பைப் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். தனியாக இழுத்தால் தோல் உராய்ந்து அதுவே புண்ணாகும். டயப்பர் பார்த்து, துடைத்து, திருப்பி, தலையணை வைத்து முடிக்க ஒருவருக்குப் பத்து நிமிடம். பதினோரு பேருக்கு நூற்றுப்பத்து நிமிடம். முடித்ததும் முதல் ஆளிடம் திரும்ப வர வேண்டும். நடுவில் ஒருவர் விழுந்தால், ஒருவர் வாந்தி எடுத்தால், அந்தச் சுற்று போச்சு. காலையில் கட்டம் காலியாக இருந்தால் கேள்வி வரும். அதனால் டிக் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். போன வருடம் ஒரு பாட்டிக்கு முதுகடியில் புண் வந்ததும் நிறுத்திவிட்டேன். இப்போது திருப்ப முடியாதபோது "முடியவில்லை, ஆள் இல்லை" என்று எழுதுகிறேன். இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தார்கள். ஆனால் மூன்றாவது மாதம் இரவுக்கு இன்னொரு ஆள் போட்டார்கள்.

அக்கா, உங்கள் புகாரில் அந்தச் சார்ட்டைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் டிக் போட்ட பெண்ணின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அவரை அனுப்பிவிட்டு, அதே ஆள் கணக்கில் இன்னொருவரை வைப்பார்கள். அன்றிரவு எத்தனை பேர் பணியில், எத்தனை பேரைத் திருப்ப வேண்டியிருந்தது என்று கேளுங்கள்.


வெள்ளைக்கட்டு | வியாழன், காலை 6:00

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். காலிக் கட்டத்தில் "முடியவில்லை" என்று எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்தான் அந்தச் சார்ட்டில் உண்மையான தகவல்.


தாழ்வாரம் | வியாழன், பகல் 1:15

எனக்கு ஒரு பயம், யாராவது பதில் சொல்லுங்கள். நாம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அப்பா அங்கேதானே இருக்க வேண்டும்? என் அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது, மூன்று வாரமாகப் பார்க்கிறேன். சொன்னால் அவர்மேல் காட்டுவார்களோ என்று வாயைத் திறக்காமல் இருக்கிறேன். வேறு இடத்துக்கு மாற்றவும் வசதி இல்லை.


நடைவண்டி | வியாழன், மாலை 7:20

தாழ்வாரம், அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆறு வாரம் அதனாலேயே வீணாகப் போனது. என் அனுபவத்தில் எழுத்தில் கொடுத்தபிறகு அப்பாவை அதிகக் கவனமாகப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் புகார் ஒரு காகிதமாக, தேதியோடு, நகலோடு இருக்கும்போது, அதற்குப்பிறகு ஏதாவது நடந்தால் அது அவர்களுக்கே பெரிய சிக்கல். வாயால் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. போகிற நேரத்தையும் மாற்றி மாற்றிப் போங்கள். நான் எப்போதும் ஞாயிறு பதினோரு மணிக்குப் போவேன், அந்த நேரத்துக்கு அப்பா பளிச்சென்று இருப்பார். ஒரு புதன்கிழமை இரவு எட்டு மணிக்குப் போனபோதுதான் மற்ற நாள் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன்.

கடைக்குட்டி, நான் முதலில் எழுதிய கடிதம் நான்கு பக்கம். அக்கறை இல்லை, மனிதாபிமானம் இல்லை, இத்தனை பணம் வாங்கிக்கொண்டு இப்படியா என்று. அதற்கு வந்த பதில் ஒரே வரி: "தங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்." இரண்டாவது கடிதம் ஒரு பக்கம். அதன் நடு வரிகளை இங்கே போடுகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"சென்ற மாதம் 3-ஆம் தேதி மாலை 5 மணிக்கு என் தந்தையின் இடது முழங்கையில் 7 செ.மீ. நீளத்துக்குத் தோல் உரிந்திருப்பதைக் கண்டேன். ஒட்டும் பிளாஸ்டர் போடக் கூடாது என்று அவர் பராமரிப்புத் திட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் அன்று அதைப் படித்தவர் யார்? இல்லாவிட்டால் ஏன் இல்லை? காயம் ஏற்பட்டதும் எழுதிய சம்பவக் குறிப்பின் நகல் வேண்டும். குடும்பத்துக்கு எப்போது, யார் தெரிவித்தார்கள்? பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இல்லத்துக்கு உரிமம் தரும் துறைக்கு இந்தக் கடிதத்தை நகலோடு அனுப்புவேன்."

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இப்போது அப்பா கையில் ஒட்டாத சிலிக்கோன் கட்டுதான். எந்தப் பக்கமாக எடுக்க வேண்டும் என்று அதன்மேல் அம்புக்குறி போட்டு வைக்கிறார்கள், உரிந்த தோல் மடிப்பு மறுபடி தூக்கிக்கொள்ளாமல் இருக்க.


சந்தனமுல்லை | வியாழன், இரவு 8:05

தாழ்வாரத்தின் அப்பாவுக்கு நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வாங்கிக் கொடுங்கள். சிவந்த இடத்தில் எண்ணெய் வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டால் ரத்தம் ஓடி சரியாகிவிடும். என் மாமியாருக்கு அப்படித்தான் செய்தோம்.


வெள்ளைக்கட்டு | வியாழன், இரவு 8:40

சந்தனமுல்லை, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், அந்தக் காலத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம். இப்போது இரண்டுமே வேண்டாம் என்கிறார்கள், காரணத்தோடு. வளையம் நடு இடத்தைக் காப்பாற்றினாலும், சுற்று விளிம்பில் அழுத்தி, நடுவுக்கு வரும் ரத்தத்தையே தடுத்துவிடும். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே ஏற்கெனவே நசுங்கிய திசு இன்னும் கிழியும்.

தாழ்வாரம், நீங்கள் செய்ய வேண்டியது இது. சிவந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். அழுத்தியதும் வெளுத்து, விட்டதும் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம், இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது முதல் நிலைப் படுக்கைப் புண், தோல் கிழியாவிட்டாலும். நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பே தெரியாமல் போகலாம். அப்போது கையைத்தான் நம்ப வேண்டும்: பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ சதசதவென்றோ இருக்கிறதா, நிறம் கூடுதலாகக் கறுத்திருக்கிறதா. தோல் கிழிந்தாலோ கொப்புளம் வந்தாலோ இரண்டாம் நிலை. கொழுப்பு தெரிந்தால் மூன்று. தசையோ எலும்போ தெரிந்தால் நான்கு. மூன்றும் நான்கும் ஆற மாதக்கணக்கு. ஆறினாலும் அந்த இடத்துக்குப் பழைய வலுவில் 80 சதவீதத்துக்கு மேல் திரும்பாது, அதனால் அதே இடத்தில் மறுபடி வரும்.

டயப்பர் ஈரத்தாலும் இடுப்படியில் சிவக்கும். அது எலும்பு மேட்டில் இல்லாமல் மடிப்புகளில் பரவலாக இருக்கும். அதற்கு வைத்தியம் வேறு, அதனால் எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

எல்லோரும் கேட்க வேண்டிய இன்னொரு காகிதம் உண்டு. பிரேடன் அளவுகோல் என்று பெயர், 1987-இல் வந்தது. உணர்வு, ஈரம், நடமாட்டம், புரளும் திறன், சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயத்துக்கு மதிப்பெண். மொத்தம் 6-லிருந்து 23 வரை. 18-ம் அதற்குக் கீழும் வந்தால் புண் வரும் ஆபத்து உள்ளவர். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேளுங்கள். குறைவான மதிப்பெண்ணை எழுதி வைத்துவிட்டு மெத்தை மாற்றவில்லை, திருப்பவில்லை என்றால், ஆபத்து தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கும்.


கடைக்குட்டி | வெள்ளி, இரவு 10:15

கேட்டேன். அம்மாவுக்கு 12. சேர்ந்த முதல் வாரம் போட்டது, அதற்குப்பிறகு போடவே இல்லை. காற்று மெத்தை தேவை என்று அதே தாளில் எழுதியிருக்கிறது. ஏழு மாதமாகச் சாதாரண மெத்தையில்தான் படுத்திருந்தார்.

எக்ஸ்ரேயில் எலும்பில் எதுவும் தெரியவில்லை. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம் என்றார் டாக்டர். இப்போது மேலாளர், "ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதே குதிகால் சரியில்லை" என்கிறார். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளில் ஒன்றும் இல்லை. யாரை நம்புவது?


வெள்ளைக்கட்டு | சனி, காலை 6:20

இந்தப் பந்து விளையாட்டு எல்லா இடத்திலும் உண்டு, அதில் ஒரு துளி உண்மையும் உண்டு. ஆழத்தில் நசுங்கிய திசு மேலே ஊதா நிறமாகத் தெரிய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆக, அங்கே நசுங்கி இங்கே தெரிவது நடக்கக்கூடியதுதான். ஆனால் நாள் கணக்குதான், மாதக் கணக்கில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் நடந்ததை இப்போது சொல்ல முடியாது. அப்படியே வைத்துக்கொண்டாலும், சேர்ந்த அன்று தலையிலிருந்து குதிகால் வரை தோல் பார்த்து எழுதிய தாள் எங்கே என்று கேளுங்கள். தோலைப் பார்த்திருந்தால் எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் பார்த்தோம் என்று சொல்ல முடியாது.


ஈரக்காற்று | சனி, பகல் 12:30

நான் எழுதுவது இந்த இழைக்குப் பொருந்துமா தெரியவில்லை. என் அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. கடைசி வாரத்தில் முதுகடியில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஊதா நிறத்தில் ஒரு புண் வந்தது. காலையில் நிறம் மாறிய தோலாக இருந்தது, மாலையில் திறந்துவிட்டது. நான் இல்லத்தின்மேல் புகார் கொடுத்தேன். நர்ஸ் அழுதுவிட்டார். இங்கே படிக்கப் படிக்க, அன்று செய்தது சரியா என்று குடைகிறது.


வெள்ளைக்கட்டு | சனி, மாலை 5:45

பொருந்தும் ஈரக்காற்று. உயிர் அடங்குகிற நாட்களில் உடம்பு ரத்தத்தை உள்ளுறுப்புகளுக்கு இழுத்துக்கொள்கிறது, தோலுக்கு வருவது குறைகிறது. இதயமும் சிறுநீரகமும் சோர்கிற மாதிரி தோலும் சோர்ந்துபோகும். நீங்கள் சொல்கிற வடிவத்தில், அந்த வேகத்தில் வருகிற புண்ணை 1989-இல் கென்னடி என்ற நர்ஸ் விவரித்தார், அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறோம். எவ்வளவு திருப்பினாலும் சிலருக்கு அது வரும். நீங்கள் கேட்டது தவறில்லை. வரக்கூடும் என்று முன்கூட்டியே அவர்கள் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அது அவர்கள் விட்ட இடம். கடைசி நாட்களில் புண் ஆற வேண்டும் என்பதைவிட வலி, வாடை, கசிவு இல்லாமல் வைத்திருப்பதுதான் எங்கள் வேலை. அம்மாவுக்கு வலி மருந்து கொடுத்தார்களா?


ஈரக்காற்று | சனி, மாலை 6:10

கொடுத்தார்கள். கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்னால் ஒவ்வொரு தடவையும் கொடுத்தார்கள். அந்த நர்ஸ்தான் கொடுப்பார்.


கடைக்குட்டி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9:00

உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள். நடைவண்டி கொடுத்த வரிகளை வைத்து ஒன்றரைப் பக்கக் கடிதம் கொடுத்தேன். 14-ஆம் தேதி சார்ட்டின் படம், கண் டாக்டரின் சீட்டு, பிரேடன் தாளின் நகல் இவற்றை இணைத்தேன். இரவுப்பணி சொன்னபடி யார் பெயரையும் எழுதவில்லை, ஆள் கணக்கைத்தான் கேட்டேன். கூட்டம் போட்டார்கள். டிக் போட்டது உண்மை என்று ஒத்துக்கொண்டார்கள். காற்று மெத்தை மூன்றாம் நாளே வந்தது. இரவுக்கு இன்னொரு ஆள் போடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் போடவில்லை. உரிமம் தரும் துறைக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன், அங்கிருந்து ஒப்புகைதான் வந்திருக்கிறது.

திங்கட்கிழமைதோறும் கட்டு மாற்றும்போது நானோ அண்ணனோ உடன் இருக்கிறோம். நர்ஸ் சலைன் ஊற்றிக் கழுவி, தாள் ஸ்கேலை வைத்து நீளம், அகலம், ஆழம் சொல்கிறார், நான் நோட்டில் எழுதுகிறேன். முதல் திங்கள் 4.1, 3.6, ஆழம் தெரியவில்லை, கறுப்பு மூடியிருந்தது. ரத்த ஓட்டம் போதுமானது என்று தெரிந்தபிறகு டாக்டர் கறுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். அதற்குப்பிறகு 4.4, 3.8, 0.9. பெரிதாகிவிட்டதே என்று அழுதுவிட்டேன். உள்ளே இருந்தது இப்போதுதான் தெரிகிறது என்று நர்ஸ் விளக்கினார். இரண்டாவது எக்ஸ்ரேயிலும் எலும்பு சரியாக இருக்கிறது. போன திங்கள் 3.7, 3.0, 0.6. அடியில் சிவப்பாக, பொடிப்பொடியாகப் புதுச் சதை.


வெள்ளைக்கட்டு | திங்கள், காலை 5:55

அந்தப் பொடிச் சிவப்பைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தேன். அதன்மேல் ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் யாரும் ஊற்ற விடாதே, புதுச் சதை கருகிவிடும். சலைன் போதும். புரதம் எடை கிலோவுக்குக் குறைந்தது 1.25 கிராம் போகிறதா என்று பார்க்கச் சொல், சிறுநீரகம் சரியாக இருந்தால். இடது குதிகாலையும் பார்க்கிறார்களா?


கடைக்குட்டி | திங்கள், இரவு 8:30

பார்க்கிறார்கள். இன்று நானும் அழுத்திப் பார்த்தேன், வெளுத்துத் திரும்பச் சிவந்தது. வலது இன்று 3.5, 2.8, 0.5. கட்டைப் பிரிக்கும்போது அம்மா காலை இழுக்கவில்லை.